பைக்கற்றில் அப்பிப்போகும் இலச்சினை: வாசகர் கேள்வி பதில்

வறுத்த கச்சானும் ஒடியல் மாவும் பைக்கற்றில் விற்கிறோம். பனை, குளம், நெற்கதிர், உதயசூரியன் எல்லாம் வைத்து இலச்சினை செய்வித்தோம். போனில் வடிவாக இருக்கிறது. பையில் அடித்தால் ஒரே அப்பல். அச்சகத்தின் பிழையா? (வாசகி, மாங்குளம்)

பெரும்பாலும் இல்லை. 100 கிராம் பைக்கற்றில் இலச்சினைக்குக் கிடைப்பது 3 சென்ரிமீற்றர் அகலம். அதற்குள் நாலு பொருள் வைத்தால் பனையோலைக் கீற்று ஒவ்வொன்றும் தலைமயிர் அளவுக்கு வந்துவிடும். பொலித்தீனில் மை கொஞ்சம் பரவும். கீற்றுகளுக்கிடையே உள்ள வெளி அடைபடும். கோடும் இடைவெளியும் அரை மில்லிமீற்றருக்குக் குறையாமல் பாருங்கள்.

படத்தையும் குறையுங்கள். பனையும் நெற்கதிரும் வன்னியில் பாதிப் பைக்கற்றுகளில் இருக்கின்றன. உதயசூரியனைக் கண்டால் எங்கள் சனத்துக்குத் தேர்தல்தான் ஞாபகம் வரும். இடுப்பு ஒடுங்கிய கச்சான் கோது ஒன்று போதும். நிழலுருவிலேயே ஆள் தெரியும். ஒடியல் மாவுக்கும் அதே குறி வேண்டுமென்றால் படத்தை விட்டுவிட்டுப் பெயரின் முதலெழுத்தையே குறியாக்குவது நல்லது.

முதலில் கறுப்பு மட்டும் வைத்து வரைவியுங்கள். 2 சென்ரிமீற்றரில் அடித்து, அதைப் போட்டோக்கொப்பி எடுத்து, கை நீட்டிய தூரத்தில் பாருங்கள். பிறகு பெரிதாக்கிச் சுவரில் ஒட்டி, வீதியின் மறுகரையில் நின்று பாருங்கள். இரண்டிலும் தேறினால் றப்பர் முத்திரையிலும் தேறும். நிறம் அதற்குப் பிறகுதான். இரண்டுக்கு மேல் வேண்டாம், ஒரு நிறம் மற்றதில் கரைந்து போகும் வேலையும் வேண்டாம்.

போன் திரையில் மினுங்கும் பச்சையும் செம்மஞ்சளும் அச்சு மையில் அப்படியே வராது. அச்சு மைகளான சியான் (வெளிர்நீலம்), மஜெந்தா (கடும் இளஞ்சிவப்பு), மஞ்சள், கறுப்பு நாலின் வீதத்தையும் எழுதி வைத்திருந்தால் அடுத்த முறை வேறு அச்சகத்துக்குப் போனாலும் நிறம் அதிகம் மாறாது. கண்ணாடிப் பையென்றால் இலச்சினைக்கு அடியில் வெள்ளை மை போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் உள்ளேயிருக்கும் கச்சானின் கபில நிறம் ஊடாகத் தெரிந்து எல்லாம் மங்கிப்போகும். அதே பையில் மாதிரி அடித்துப் பார்க்காமல் ஆயிரக்கணக்கில் ஓடர் கொடுக்கவேண்டாம்.

வவுனியா அச்சகத்துக்கு அனுப்பிய கோப்பில் எங்கள் தமிழ்ப் பெயர் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்தது. ஏன்? (வாசகர், புதுக்குடியிருப்பு)

பாமினியில் தட்டியிருப்பீர்கள். அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை ஒட்டி வைத்த எழுத்துரு. அதில் புள்ளி உட்கார்ந்திருப்பதே அரைப்புள்ளியின் இடத்தில். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அடியிலிருக்கும் ஆங்கிலம் வெளியே வந்துவிடும். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோட்டில் தட்டினாலும் வேறொரு கரைச்சல் உண்டு: வடிவமைப்பு மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பைப் போடாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும்.

அனுப்புமுன் பெயரை உருவக்கோடாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமாக மாற்றுங்கள். கோரல்ட்ரோவில் ‘கன்வேர்ட் டு கேர்வ்ஸ்’, இலஸ்ரேற்றரில் ‘கிரியேற் அவுட்லைன்ஸ்’. மாற்றிய பிறகு எழுத்துப்பிழை திருத்த முடியாது. ஆகவே திருத்தக்கூடிய பிரதி ஒன்றைத் தனியாக வைத்திருங்கள். அச்சகத்துக்குப் பீடிஎஃப் (PDF) அல்லது எஸ்விஜி (SVG) கோப்பாகக் கொடுங்கள். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும்; டொக்கியுமென்ராக அனுப்ப வேண்டும்.

ஒன்று கூட: தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றையும் ஒரே அளவு எண்ணில் போட்டால் ஒன்று பெருத்தும் ஒன்று சிறுத்தும் தெரியும். எண்ணைப் பாராமல் கண்ணால் ஒப்பாக்குங்கள்.

பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர் பதிந்திருக்கிறேன். இன்னொருவர் என் இலச்சினையைப் போடாமல் தடுக்க அது போதுமா? (வாசகர், கிளிநொச்சி)

போதாது. வியாபாரக் குறிப் பதிவு வேறு. அது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் செய்வது. 10 ஆண்டு செல்லும், புதுப்பிக்கலாம். பொருளின் வகுப்புப் பார்த்துத்தான் பதிவார்கள்: வறுத்த கச்சான் 29, மா வகைகள் 30. ‘வன்னிக் கச்சான்’ என்று ஊரையும் பொருளையும் மட்டும் சொல்லும் பெயரைத் தனியுரிமையாகப் பெறுவது கடினம். தேசியக் கொடியையும் அரச சின்னத்தையும் தொடவே வேண்டாம். பலகை எழுதுவிக்க முன்னரே அதே வகுப்பில் ஒத்த குறி இருக்கிறதா என்று தேடுவியுங்கள். வரைந்த பிள்ளையிடமிருந்து உரிமையைக் கையளித்ததாக ஒப்பமிட்ட கடிதமும், திருத்தக்கூடிய மூலக் கோப்பும் வாங்கிய பிறகு மிச்சக் காசைக் கொடுங்கள்.