மைக்செட்டுக்காரர் பதில்கள்

கோபிசெட்டிபாளையம் பக்கம் முப்பது வருடத்துக்கு மேல் மேடை ஒலி, ஒளி அமைப்புத் தொழில் செய்தவர். இப்போது பையன்களுக்கு வேலை கற்றுத் தருகிறார். கலை, கேளிக்கைத் துறை வேலைகள் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு அவருடைய பதில்கள்.

மகன் பிளஸ் டூ முடித்துவிட்டான். சவுண்ட் இன்ஜினியரிங்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். கோயமுத்தூரில் ஒரு தனியார் நிலையத்தில் ஒரு வருடச் சான்றிதழுக்கு இரண்டரை லட்சம் கேட்கிறார்கள். இருப்பில் உள்ள மஞ்சளை விற்றுக் கட்டலாமா?
ஒரு தகப்பன், கவுந்தப்பாடி

மஞ்சளை அவசரப்பட்டுப் போட்டுவிடாதீங்க. பையனின் ஆசையையும் கிள்ளி எறிய வேண்டாம். முதலில் இருவரும் ஒரு நாள் அந்த நிலையத்துக்கு நேரில் போய் வாருங்கள். முன்னறையில் உட்காரவைத்து, டீ கொடுத்து, வழவழ தாளில் அச்சடித்த புத்தகத்தைக் கையில் திணித்து அனுப்பப் பார்ப்பார்கள். டீயைக் குடித்துவிட்டு, ஒலிகளைக் கலக்குகிற மிக்சர் கருவி இருக்கும் அறையைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு மிக்சருக்கு எத்தனை பையன்கள்? பாடம் எடுக்கிறவர் போன மாதம் எந்த மேடையில் வேலை பார்த்தார்? போன வருடம் முடித்துப் போனவர்களில் மூன்று பேரின் போன் நம்பர் கிடைக்குமா? நம்பர் தர இழுத்தடித்தால் உங்களுக்கு விடை அங்கேயே கிடைத்துவிட்டது.

அப்புறம் பையனை ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். நோம்பித் திடலில் மேடையோரம் ஒரு ஜோடி ஸ்பீக்கர் பாக்ஸ். அதிலிருந்து 34 மீட்டர் தள்ளிப் பின்னால் இன்னொரு ஜோடி. பின்னால் நிற்கிற சனத்துக்கு ஒவ்வொரு சொல்லும் இரண்டு தடவை கேட்கிறது. என்ன செய்வது? ஒலி ஒரு செகண்டில் ஏறக்குறைய 340 மீட்டர் போகும். மேடைச் சத்தம் அந்த இடத்துக்கு வந்து சேர பத்தில் ஒரு செகண்ட் பிடிக்கும். ஒயரில் போகிற சிக்னல் உடனே போய்விடும். ஆகவே பின் ஜோடியை 100 மில்லி செகண்ட் தாமதப்படுத்த வேண்டும். இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதோடு நிறுத்தாமல், பாக்சை வைத்துக் காதுக்குக் காட்டுகிற இடமென்றால் யோசிக்கலாம்.

உண்மையைச் சொன்னால் எனக்கே இது வெகுநாள் தெரியாது. பத்து வருடம் பின் பாக்சின் சத்தத்தைக் குறைத்தும், அதைத் திருப்பி வைத்தும் மழுப்பிக்கொண்டிருந்தேன். படித்துவிட்டு வந்த ஒரு பையன் இரண்டு குமிழைத் திருப்பினான், தீர்ந்தது. அதனால் படிப்பெல்லாம் வெட்டி என்று பேசுகிற கூட்டத்தில் நான் இல்லை.

ஆனால் மேடையில் முதலில் தெரிய வேண்டியது கரண்ட். ஒரு வைகாசி முகூர்த்தம், ராத்திரி வரவேற்பு. லைன் போய் ஜெனரேட்டருக்கு மாற்றிய கொஞ்ச நேரத்தில் சீரியல் பல்பு ஒரு பக்கம் வெள்ளையாகக் கொதிக்கிறது, இன்னொரு பக்கம் மின்மினி மாதிரி மங்குகிறது. எனக்குப் புரிவதற்குள் பட்டென்று ஒரு சத்தம், கூடவே கருகல் நாற்றம். இரண்டு ஆம்ப்ளிஃபையர் போய்விட்டது. என்னோடு வந்திருந்த பத்தொன்பது வயதுப் பையன் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்தவன். பல்பைப் பார்த்ததுமே ஓடிப்போய் மெயினை இறக்கிவிட்டான். நியூட்ரல் ஒயர் முனை கழன்று கிடந்தது. மூன்று பேஸ் லைனில் நியூட்ரல் விட்டுப்போனால், லோடு குறைவாக உள்ள பேஸில் 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 300க்கு மேலும் ஏறும். அவன் ஓடியிருக்காவிட்டால் மிக்சரும் கருகியிருக்கும். மாப்பிள்ளை வீட்டார் பாட்டு ஏன் நின்றது என்றுதான் கேட்டார்கள்.

அதனால் என் யோசனை இது. அரசு ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் பிரிவு இரண்டு வருடம். ஈரோட்டிலும் இருக்கிறது, கோயமுத்தூரிலும் இருக்கிறது. செலவு உங்கள் கணக்கில் ஒரு மூட்டை மஞ்சளுக்குள் அடங்கும். சனி, ஞாயிறு ஒரு நல்ல சவுண்டுக்காரர் வண்டியில் ஏறட்டும். அதன் பிறகு மூன்று மாதமோ ஆறு மாதமோ மிக்சர் படிப்புக்குப் போனால், அங்கே சொல்வது மண்டையில் ஏறும். பையனின் கண் சினிமா ஒலிப்பதிவில் இருந்தால் வழி வேறு. சென்னை தரமணியில் அரசின் எம்.ஜி.ஆர். திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் அதற்கென்றே பட்டப்படிப்பு உண்டு. இடங்கள் கொஞ்சம்தான், ஆனால் முயன்று பார்க்காமல் விடாதீர்கள். ஒரு காலத்தில் சென்னைக்குப் போகவே வேண்டியதில்லை. சேலத்தில் டி.ஆர்.சுந்தரம் 1935ல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்தது. சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டுடியோ இருந்தது. என் அப்பிச்சி, அதாவது அம்மாவின் அப்பா, அங்கே தச்சு வேலைக்குப் போய், செட் போடுகிறவராகத் திரும்பி வந்தார். சரி, அந்தக் கதை இன்னொரு நாள்.

ஆறு மாதமாக வள்ளி கும்மி ஆடுகிறேன். அரங்கேற்றம் முடிந்துவிட்டது. வயது 36. இதையே தொழிலாக வைத்துக்கொள்ள முடியுமா? வீட்டில் சிரிக்கிறார்கள்.
ஒரு வாசகி, அன்னூர்

சிரிக்கட்டும் அம்மணி. மேட்டுப்பாளையம் தேக்கம்பட்டியின் பத்திரப்பன் ஐயா வள்ளி ஒயில் கும்மிக்காக 2024ல் பத்மஸ்ரீ வாங்கினார். ஆண்களே ஆடிவந்த ஆட்டத்தில் பெண்களைக் கூட்டி வந்து பழக்கியவர் அவர். இன்றைக்கு எந்த ஊர் அரங்கேற்றத்துக்கு மைக் கட்டப் போனாலும் வரிசையில் பாதிக்கு மேல் பெண்கள்தான்.

ஆனால் ஆடுவதில் பணம் வராது. நூறு பேர், இருநூறு பேர் ஒரே நிறச் சேலையில் ஆடுகிற ஆட்டத்தில் தலைக்கு என்ன பங்கு வரும்? சேலைக் காசும் வேன் வாடகையும் கையைவிட்டுத்தான் போகும். காசு இருக்கிற இடம் வாத்தியார் இடம். ஊருக்கு ஊர் பழக்கிக் கொடுக்க ஆள் கேட்கிறார்கள், பள்ளி ஆண்டு விழாவுக்கும் கேட்கிறார்கள். அதற்கு அடவு மட்டும் தெரிந்தால் பற்றாது. வள்ளி பிறந்ததிலிருந்து முருகன் கல்யாணம் வரை கதைப்பாட்டு முழுவதும் மனப்பாடமாக வேண்டும். மைக்கைப் பிடித்து மூச்சு வாங்காமல் இரண்டு மணி நேரம் பாட வேண்டும். உங்கள் ஆசிரியர் பாடும்போது பக்கத்தில் நின்று பின்பாட்டுப் பாட இடம் கேளுங்கள். மைக்கை வாய்க்கு நேராக முட்டிக்கொண்டு பிடிக்காமல் கொஞ்சம் கன்னத்துப் பக்கம் சாய்த்துப் பிடித்தால் 'ப', 'பா' எல்லாம் வெடிக்காது. பாதிக் கும்மி ஆசிரியர்களுக்கு இதை நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் உறுப்பினராகப் பதிந்துகொள்ளுங்கள். அது 2007லிருந்து இருக்கிறது. அட்டை இருந்தால் அரசு விழாக்களுக்குக் கேட்கும்போது கைகொடுக்கும். உங்களுக்கு மகள் இருந்தால், ஈரோட்டில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. மலுமிச்சம்பட்டியில் அரசு இசைக் கல்லூரியே இருக்கிறது. பாட்டு, வயலின், மிருதங்கம், நாதசுரம், தவில் என்று முறையாகப் படிக்கலாம். தவில் வகுப்பில் பெண் குழந்தையைப் பார்த்தால் எனக்குத் தனியாக ஒரு சந்தோசம்.

இலவசப் பயிற்சிக்குப் போனேன். சான்றிதழில் 'லெவல் 4' என்று போட்டிருக்கிறது. அதற்கு என்ன மதிப்பு?
வாசகர், பெருந்துறை

தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு என்று 2013ல் அறிவித்தார்கள். எந்தத் தொழிலானாலும் அதன் பயிற்சியைப் படிப்படியாக அடுக்கியிருக்கிறார்கள். முதலில் பத்துப் படி, 2023ல் எட்டாக மாற்றினார்கள். நம் தொழிலுக்கு ஊடக, பொழுதுபோக்குத் திறன் குழு என்று ஒன்று உண்டு. ஜிம், நீச்சல் மாதிரியானவற்றுக்கு விளையாட்டு, உடற்தகுதித் திறன் குழு. நாலாம் படி என்றால், அடுத்தவர் கையைப் பிடிக்காமல் வழக்கமான வேலையைச் செய்வீர்கள் என்று அர்த்தம். கம்பெனி வேலைக்கும், கடனுக்கு மனுப் போடவும் தாள் உதவும். என்னிடம் வந்தால் நான் அதைப் பார்க்க மாட்டேன். ஒயரைச் சுற்றச் சொல்வேன். முழங்கையில் போட்டுக் கயிறு மாதிரி சுற்றினால் ஆள் புதுசு. ஒரு வளையம் மேலாக, அடுத்த வளையம் உள்பக்கமாகத் திருப்பி விட்டால், எறிந்ததும் முறுக்கில்லாமல் நேராக ஓடும். பதினைந்து செகண்டில் தெரிந்துவிடும்.

இந்த வேலையில் காது போய்விடும் என்கிறார்களே?
வாசகி, தாராபுரம்

போகும். எனக்கு இடது காதில் கொசு ரீங்காரம் மாதிரி எந்நேரமும் ஒன்று ஓடிக்கொண்டே இருக்கிறது. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். காதடைப்பான் நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. பையன்கள் கவுரவக் குறைச்சல் என்று போடுவதில்லை.

ஒரு ரிசார்ட் நீச்சல் குளத்தில் காவலராக வேலை கேட்டேன். சான்றிதழ் இருக்கிறதா என்கிறார்கள். ஐந்து வயதிலிருந்து கிணற்றில் குதித்தவன் நான். எனக்கு எதற்குச் சான்றிதழ்?
வாசகர், ஆனைமலை

நானும் கிணற்றில் பழகியவன்தான் தம்பி. சுரைக்குடுக்கையை இடுப்பில் கட்டி அப்பா தள்ளிவிட்டார், ஒரு வாரத்தில் வந்துவிட்டது. அதனால் சொல்கிறேன், நீங்கள் தப்பிக்கத் தெரிந்தவர். அடுத்தவரைத் தப்பவைப்பது வேறு வித்தை.

முங்குகிறவர் கத்துவார், கையை ஆட்டுவார் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். பெரும்பாலும் சத்தமே வராது. வாய் தண்ணீர் மட்டத்தில் ஏறி இறங்கும், கை பக்கவாட்டில் தண்ணீரை அமுக்கும், அவ்வளவுதான். பத்தடி தள்ளி நிற்கிற பெற்றோருக்கே தெரியாமல் முடிந்துவிடும். பார்த்ததும் குதிப்பதும் தப்பு. முதலில் கம்பை நீட்டு, எட்டாவிட்டால் மிதவையை எறி, வேறு வழியே இல்லாவிட்டால் இறங்கு. பயந்தவர் கழுத்தைக் கட்டிக்கொண்டால் இரண்டு பேரும் போக வேண்டியதுதான். நம் கிணறுகளில் அப்படிப் போன அண்ணன் தம்பிகளை நீங்களே கேள்விப்பட்டிருப்பீர்கள்.

தூக்கிப் போட்ட பிறகு? வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பார்கள், தலைகீழாகச் சுற்றுவார்கள். அதெல்லாம் கூடாது. மூச்சு இல்லாவிட்டால் முதலில் வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும். அப்புறம் நடுநெஞ்சில் நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், பெரியவர்களுக்கு ஐந்து சென்டிமீட்டர் இறங்குகிற மாதிரி. முப்பது அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு. ஆம்புலன்ஸ் வரும்வரை விடாமல். இதைப் பொம்மையில் நூறு தடவை செய்து பழகாத கை அன்றைக்கு நடுங்கும். கோவாவில் ஒன்றிய அரசின் தேசிய நீர் விளையாட்டு நிறுவனம் உயிர்காப்புப் பயிற்சி தருகிறது. போய் வாருங்கள். ரிசார்ட்காரர் சான்றிதழ் கேட்டது நல்லது. கேட்காத இடங்களை நினைத்தால்தான் எனக்குப் பயம்.

எல்.இ.டி. திரை, லைட் வாடகைக்கு விடுகிற ஒருவரிடம் சேர்ந்து பதினோரு மாதம் ஆகிறது. சாப்பாடும் பஸ் காசும் மட்டும்தான். கேட்டால் 'நீ கத்துக்கிற ஆள், நான்தான் உன்கிட்ட ஃபீஸ் வாங்கணும்' என்கிறார். நான் என்ன செய்யட்டும்?
வாசகர், திருப்பூர் மாவட்டம்

உங்கள் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு இரண்டு நாள் பதில் எழுதவில்லை. காரணம், இதே வசனத்தை நானும் பேசியிருக்கிறேன். என்னைப் பழக்கியவர் எனக்கு அப்படிச் செய்தார். நான் என்னிடம் வந்த ஒரு பையனுக்குப் பதினான்கு மாதம் அப்படியே செய்தேன். பூச்சாட்டு முதல் மஞ்சள் நீராட்டு வரை பதினைந்து நாள் கோயில் திடலிலேயே படுத்துக் கிடப்பான். ஒரு நாள் சொல்லாமல் போய்விட்டான். அவன் போன வாரம்தான் எனக்குத் தெரிந்தது, குழாய் ஸ்பீக்கர் கட்ட மரம் ஏறுவதிலிருந்து பில் போடுவது வரை அவன்தான் பார்த்துக்கொண்டிருந்தான் என்று. அன்றைக்கே ஒரு கூலி ஆளை நாளுக்கு எண்ணூறு ரூபாய்க்குக் கூட்டி வந்தேன். அந்த எண்ணூறு ரூபாயைப் பதினான்கு மாதம் அவனிடமிருந்து எடுத்திருக்கிறேன்.

சட்டம் சொல்வதைக் கேளுங்கள். தொழிற்பழகுநர் சட்டம் 1961லேயே வந்துவிட்டது. 2019ல் திருத்திய விதியில், படிப்புக்குத் தகுந்தபடி மாதம் குறைந்தது 5,000 முதல் 9,000 ரூபாய் வரை உதவித்தொகை என்று வைத்தார்கள். 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடம் பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும். 4 பேர் இருந்தாலே எடுக்கலாம். உதவித்தொகையில் கால் பங்கை ஒன்றிய அரசே தருகிற திட்டமும் இருக்கிறது. பழகுநர் பதிவு இணையத்தில்தான். மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் கேட்டால் கூட உட்கார்ந்து பதிந்து தருவார்கள். உங்கள் முதலாளியிடம் சண்டைக்குப் போகாமல் முதலில் இதைச் சொல்லிப் பாருங்கள். கால் பங்கு அரசு தரும் என்றால் சில பேர் காது கொடுப்பார்கள்.

அவரிடம் மூன்றே பேர்தான் என்றால் இந்தச் சட்டம் எட்டாது. அப்போது ஒரு வெள்ளைத் தாள் எடுங்கள். கற்க வேண்டியது என்னென்ன, எத்தனை மாதத்தில், அதுவரை நாளுக்கு எவ்வளவு, ராத்திரி இரண்டு மணிக்குத் திரை கழற்றினால் எவ்வளவு என்று எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் இந்த மாதத்தோடு வெளியே வந்துவிடுங்கள். பதினோரு மாதத்தில் திரையின் பேனல் பூட்டவும், பிக்சல் போனால் மாட்யூல் மாற்றவும் பழகியிருப்பீர்கள். ஆடி முடிந்ததும் ஆவணி முகூர்த்தம் தொடங்குகிறது. அந்த வேலை தெரிந்த ஆள் அப்போது எங்கேயும் சும்மா இருப்பதில்லை.

அந்தப் பையன் இப்போது பல்லடத்தில் சொந்தமாக லைட் வைத்திருக்கிறான். பழைய பாக்கியைக் கொடுக்கப் போனேன். வாங்க மாட்டேன் என்றான். அவன் மனைவி வாங்கிக்கொண்டார்.