சிப்பிக் காளான் பையில் பச்சைப் பூசணம்: குற்றம் வித்திலா, வைக்கோலிலா?

கேள்வி: எங்கள் ஊர் பாபநாசம் பக்கம். ஐப்பசியில், குறுவை அறுத்த வைக்கோலையும் ஒரே நாளில் வாங்கிய வித்தையும் கொண்டு முதன்முதலாகப் பத்துப் பைகளில் சிப்பிக் காளான் போட்டு, மாட்டுக் கொட்டகையை ஒட்டிய அறையில் தொங்கவிட்டேன். இரண்டாம் வாரத்தில் ஏழு பைகளில் ஆங்காங்கே பச்சை பூத்துவிட்டது. மூன்று பைகள் மட்டும் வெள்ளையாக இருக்கின்றன. மருந்து தெளித்தால் சரியாகிவிடும் என்கிறார் வித்து விற்றவர். 35,000 ரூபாய் கட்டி அவருடைய திட்டத்தில் சேர்ந்தால், உயர்ந்த ரக வித்து தந்து, விளைகிற காளானையும் அவரே எடுத்துக்கொள்வாராம். தவறு எங்கே நடந்தது? மூன்று பைகளின் காளானைச் சாப்பிடலாமா? கெட்டுப்போன வைக்கோலை மாட்டுக்குப் போடலாமா?

பதில்: முதலில் இரண்டு காரியங்களை நிறுத்திவையுங்கள். மருந்து தெளிக்க வேண்டாம். பணம் கட்ட வேண்டாம். மற்றவற்றை அதன் பிறகு நிதானமாகப் பார்க்கலாம்.

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், குற்றம் பெரும்பாலும் வித்தில் இல்லை; வைக்கோலில்தான் இருக்கிறது. ஒரே நாளில் வாங்கிய ஒரே வித்தைத்தான் பத்துப் பைகளிலும் போட்டிருக்கிறீர்கள். வித்திலேயே பூசணம் இருந்திருந்தால், வித்துத் தூவிய ஒவ்வோர் அடுக்கிலும், நான்கைந்து நாட்களுக்குள், காளான் இழையை வளர்த்து வித்தாக்கிய சோளமணிகளைச் சுற்றியே பச்சை தொடங்கியிருக்கும். அநேகமாக எந்தப் பையும் தப்பியிருக்காது. வித்து செத்துப்போயிருந்தால் வெள்ளை இழை எந்தப் பையிலும் ஓடியிருக்காது. உங்கள் பைகளில் வெள்ளையும் ஓடியிருக்கிறது, அதற்கு நடுவே ஆங்காங்கே பச்சையும் பூத்திருக்கிறது. வேகாத வைக்கோலோ, நீர் வடியாத வைக்கோலோ, உள்ளே போகும்போதே பழுதாக இருந்த வைக்கோலோ செய்கிற வேலை இது.

டெல்டாவில் குறுவை வைக்கோலை நம்பி ஐப்பசியில் காளான் தொடங்குகிறவர்கள் பலரும் இந்த இடத்தில்தான் விழுகிறார்கள். சம்பா, தாளடி வைக்கோல் தை, மாசி வெயிலில் களத்திலேயே காய்ந்துவிடும். குறுவை அறுவடையோ புரட்டாசி, ஐப்பசி மழைக்கு நடுவே நடக்கிறது. பெல்ட் வண்டி அறுத்துத் தள்ளிய வைக்கோல் நசுங்கி, சேற்றோடு சேர்ந்து, வயலிலேயே இரண்டு மூன்று நாள் நனைந்து கிடக்கிறது. பிறகு அதை அரைகுறையாக உலர்த்தி, உருளையாகக் கட்டி விற்கிறார்கள். வெளியே பொன்னிறமாகத் தெரிகிற உருளையைப் பிரித்தால், உள்ளே கருத்து, ஆவி பறக்கும். அதற்குள் ஏற்கெனவே வேறு பூசணங்கள் குடியேறியிருக்கின்றன. உங்கள் காளான் வித்து கடைசியாக வந்து சேர்ந்த விருந்தாளி, அவ்வளவுதான். ஆகவே, மழை பட்ட வைக்கோல் காளானுக்கு ஆகாது என்பதை விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு ஒரேயொரு விலக்கு உண்டு. குறுவை வைக்கோலைத் தவிர வேறு வழியில்லாதவர்களுக்காக அதைச் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன். மழை ஒரு முறை மட்டும் பட்டு, போர் போடுவதற்கு முன்பே, அடுத்த இரண்டு நாளுக்குள் நல்ல வெயிலில் புரட்டிப் புரட்டிக் காயவைத்த வைக்கோலாக இருந்தால் பயன்படுத்தலாம். ஆனால், காயவைத்ததாக விற்பவர் சொல்வதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். கட்டின் நடுவிலிருந்து ஒரு பிடி உருவி, ஒரு தாளைக் கணுவுக்குக் கணு ஒடித்துப் பாருங்கள்: கணு படக்கென்று ஒடிய வேண்டும், ஒடிந்த இடம் உள்ளேயும் மஞ்சளாக இருக்க வேண்டும். வளைந்து நார்போல இழுத்தாலோ, கணுவின் உள்ளே சாம்பல் நிறம் தெரிந்தாலோ விட்டுவிடுங்கள். பிறகு அந்தப் பிடியை ஒரு வெள்ளை வேட்டித் துணிமேல் இரண்டு தட்டுத் தட்டுங்கள். மண்ணும் உமியும் விழுந்தால் குற்றமில்லை. விரலால் தேய்த்தால் மை போல இழுபடுகிற கருந்தூள் விழுந்தால் அது பூசணத்தின் வித்துத்தூள். கடைசியாக முகர்ந்து பாருங்கள். புளிப்போ முடைவாடையோ இருக்கக் கூடாது. மூன்றிலும் தேறியதை மட்டும் வாங்குங்கள். ஒன்றில் தவறினாலும் விட்டுவிடுங்கள். கதிர் முற்றும் சமயத்தில் பூசணக்கொல்லி அடித்த வயலின் வைக்கோலும் வேண்டாம். பூசணத்தைக் கொல்கிற மருந்து காளானையும் பாதிக்கக்கூடும்.

வேகவைப்பதில் பலரும் அவசரப்படுகிறார்கள். இரண்டு அங்குலத் துண்டுகளாக வெட்டிய வைக்கோலை நான்கைந்து மணி நேரம் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, பிறகு அண்டாவில் கொதிக்கிற நீரில் முழுவதும் அமிழும்படி கல்லை வைத்து அழுத்தி, ஒரு மணி நேரம் வேகவிட வேண்டும். மேலே மிதக்கிற வைக்கோல் வெந்த வைக்கோல் ஆகாது. கடற்கரைப் பக்கத்து உப்புத் தண்ணீர் இந்த வேலைக்கு உதவாது. வெந்ததைச் சுத்தமான சாக்கில் வடியவிட்டு, நிழலில் பரப்பி ஆற்றிய பிறகு, ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள்: உள்ளங்கை ஈரமாக வேண்டும், சொட்டுச் சொட்டாக நீர் வடியக் கூடாது. வடிந்தால் இன்னும் காத்திருங்கள். சூடு ஆறாமல் வித்தைத் தூவினால் வித்து வெந்துவிடும். ஈரம் வடியாமல் தூவினால் பையின் அடியில் நீர் தேங்கி, முதலில் பச்சை வருவது அங்கேதான். உங்கள் மூன்று நல்ல பைகளும் ஒருவேளை கடைசியாகக் கட்டியவையாக இருக்கலாம்; அதற்குள் வைக்கோல் நன்றாக வடிந்திருக்கும்.

அடுத்தது, வேளாண்மை அலுவலர்கள்கூடச் சொல்ல மறந்துவிடுகிற ஒரு செய்தி. உங்கள் பையில் பூத்திருக்கும் பச்சை பெரும்பாலும் டிரைக்கோடெர்மா என்னும் பூசணம். நெல் விதையை நேர்த்தி செய்ய உயிரியல் மருந்து என்று பொட்டலத்தில் வாங்குகிறோமே, அதே பேரினம்தான். வயலில் அது நண்பன். மற்றப் பூசணங்களைத் தின்று பயிரைக் காக்கிறது. காளானும் ஒரு பூசணம் என்பது அதற்கும் தெரியும். சம்பா விதைநேர்த்திக்கு அந்தத் தூளைக் கலந்த கையோடு, அதே சட்டையோடு, அதே திண்ணையில் உட்கார்ந்து காளான் பை கட்டினால் என்ன விளையும் என்று சொல்லத் தேவையில்லை. அந்தப் பொட்டலம் இருக்கிற அறையில் காளான் வேலை எதுவும் கூடாது. மாட்டுக் கொட்டகையை ஒட்டிய அறையும் சரியான இடமன்று. சாணத்தில் பெருகுகிற சிறு ஈக்கள் பைத் துளைக்குள் முட்டையிடும், பைக்குப் பை பூசணத்தையும் சுமந்து செல்லும். கொல்லையில் தனியாக ஒரு சிறு கீற்றுக் கொட்டகை போதும்; தரையில் ஆற்றுமணலைப் பரப்பி நனைத்து, சுற்றிலும் ஈரச்சாக்கைத் தொங்கவிட்டு, வாசலுக்கும் சன்னலுக்கும் கொசுவலை அடித்துவிடுங்கள்.

இப்போது வித்து விற்றவருக்கு வருவோம். சில நாளில் காளானைப் பறித்துச் சமைக்கப்போகிற பையில், என்னவென்று தெரியாத மருந்தைத் தெளிக்கலாகாது. அவர் கொடுப்பது வெறும் தண்ணீராக இருந்தால் உங்கள் பணம் நஷ்டம். உண்மையான மருந்தாக இருந்தால் அது உங்கள் குழம்பில் சேரும். திட்டத்தைப் பற்றி நான்கு கேள்விகள் கேளுங்கள். பறித்த சிப்பிக் காளான் வெளியில் ஒரு நாளும், குளிர்பெட்டியில் இரண்டு மூன்று நாளும்தான் தாங்கும். உங்கள் ஊருக்கு யார், எந்த வண்டியில், எத்தனை நாளுக்கு ஒரு முறை வருவார்? உலர்த்தித் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எங்காவது இருக்கிறதா? (பத்துக் கிலோ ஈரக் காளானை உலர்த்தினால் ஏறத்தாழ ஒரு கிலோதான் மிஞ்சும். விலை ஈரத்துக்கா, உலர்ந்ததற்கா என்பதில்தான் ஏமாற்றம் ஒளிந்திருக்கிறது.) முதல் தரம் என்பதை முடிவு செய்கிறவர் யார்? கும்பகோணம் கடையில் விற்கிற விலையைவிட அதிகம் கொடுத்து உங்களிடம் வாங்குகிறவர், அதை எந்த விலைக்கு, யாரிடம் விற்பார்? 2012இல் ஈமு கோழித் திட்டங்கள் கவிழ்ந்தபோது தமிழ்நாட்டில் எத்தனை குடும்பங்கள் தெருவுக்கு வந்தன என்பதை மறந்துவிட்டோம். அங்கேயும் குஞ்சை விற்றவரே கோழியைத் திரும்ப வாங்கிக்கொள்வார் என்றுதான் சொன்னார்கள். இப்படிப்பட்ட திட்டக்காரருக்கு லாபம் பெரும்பாலும் உங்கள் காளானிலிருந்து வருவதில்லை. நீங்கள் கட்டுகிற முன்பணத்திலிருந்து வருகிறது. மானியம் வாங்கித் தருகிறேன் என்று கையெழுத்துக் கேட்பவர்களிடமும் இதே எச்சரிக்கை தேவை. காளான் பண்ணைக்குத் தருகிற பெரிய மானியம் வங்கிக் கடனோடு இணைந்தது. கொல்லையில் தொங்குகிற பத்துப் பைகளுக்கு அது வராது.

இப்படிப்பட்டவர்களிடம் நீங்கள் ஏன் போய்ச் சேர்ந்தீர்கள் என்று கேட்க எனக்கு மனமில்லை. நீடாமங்கலத்திலும் சிக்கலிலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன. ஆடுதுறையில் 1922 முதல் நெல் ஆராய்ச்சி நடக்கிறது. வேளாண் பல்கலைக்கழகம் சிப்பிக் காளானுக்கென்று தனி ரகங்களையே வெளியிட்டிருக்கிறது. ஆனாலும் அங்கே பயிற்சி முடிந்த அன்றே சான்றிதழ் கைக்கு வந்துவிடுகிறது, வித்து வருவதில்லை. இன்று சொல்லிவையுங்கள், பிறகு கூப்பிடுகிறோம் என்பார்கள். வித்து வரும்போது வைக்கோல் இருக்காது, அல்லது வெயில் ஏறியிருக்கும். அந்த இடைவெளியில்தான் இடைத்தரகர் கடை விரிக்கிறார். கையேடுகளோ பொதுவாக எழுதியவை. மழைக்கால வைக்கோலைப் பற்றி அவற்றில் ஒரு வரி இருந்தால் பெரிது. இருந்தாலும் அங்கேயே கேளுங்கள், முன்கூட்டியே கேளுங்கள். பை கட்டுகிற நாளுக்கு ஒரு மாதம் முன்பே சொல்லிவையுங்கள். யாரிடம் வாங்கினாலும் பொட்டலத்தில் தயாரித்த தேதி இருக்க வேண்டும். வித்து முழுவதும் வெள்ளையாக இருக்க வேண்டும். பச்சை, கருப்பு, ஆரஞ்சுப் புள்ளியோ, அடியில் மஞ்சள் நீரோ இருக்கக் கூடாது.

ஏழு பைகளையும் இன்றே வெளியேற்றுங்கள். அறைக்குள் பிரிக்காமல், குலுக்காமல், ஈரச்சாக்கில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள். மூன்று நல்ல பைகளும் முழுவதும் வெள்ளை ஓடிய பிறகு, அதாவது பை கட்டியதிலிருந்து பதினைந்து இருபது நாளில், பையைக் கிழித்து எடுத்துவிட்டு, தினமும் இரண்டு வேளை புகைபோலத் தண்ணீர் தெளியுங்கள். மொட்டு வந்த மூன்றாம் நாள் பறிக்கலாம். விளிம்பு மேல்நோக்கிச் சுருளும் வரை விட்டுவைத்தால் வித்துத்தூள் பறந்து இருமல் வரும். காம்பு நீண்டு தலை சிறுத்தால் காற்று போதவில்லை என்று பொருள். இந்த மூன்று பைகளின் காளானைத் தாராளமாகச் சாப்பிடலாம். அவற்றிலும் பச்சை படர்ந்த இடத்தில் முளைப்பதையும், ஒல்லியாக வந்து மறுநாளே மை போல உருகிவிடுகிற கருங்காளானையும் எறிந்துவிடுங்கள்.

அடுத்த முறை தை மாதத்துச் சம்பா வைக்கோலில் நான்கே பைகள் போடுங்கள். பங்குனிக்குப் பிறகு சிப்பிக் காளானை நிறுத்திவிடுங்கள். நம் கோடையை அது தாங்காது. வெயில் காலத்துக்குப் பால்காளான் இருக்கிறது. அதற்கு மேல்மண் போட வேண்டும், ஆகவே முதல் ஆண்டில் அதைத் தொட வேண்டாம்.

பச்சை பூத்த வைக்கோலை மாட்டுக்குப் போடக் கூடாது; கறவை மாட்டுக்கு நிச்சயமாகக் கூடாது. கொட்டகையிலிருந்து தள்ளி, அங்கிருந்து கொட்டகைப் பக்கம் காற்று வீசாத இடத்தில் குழி தோண்டி, வைக்கோலைப் போட்டு, மேலே ஒரு முழம் மண் தள்ளிவிடுங்கள். பிளாஸ்டிக் பையைத் தனியே எடுத்துவிடுங்கள். பறிப்பு முடிந்த நல்ல பைகளின் வைக்கோலை, பச்சையோ கருப்போ இல்லையென்று பிரித்துப் பார்த்த பிறகு, வழக்கமான தீவனத்தோடு கொஞ்சமாகக் கலந்து கொடுக்கலாம்; மாடு முகர்ந்துவிட்டு ஒதுக்கினால் வற்புறுத்தாமல் எருக்குழியில் சேர்த்துவிடுங்கள்.