அபாட்டின் பார்டர் கணக்கு: டெக்சாஸுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, ஃப்ரிஸ்கோவுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது, ஆபீஸ் லஞ்ச் மேசையில் ஆளுநர் கிரெக் அபாட்டைப் பற்றித்தான் எந்நேரமும் சண்டை என்று எழுதியிருக்கிறீர்கள். ஒருவர் "பார்டரை மூடின மனுஷன்" என்கிறாராம், எதிரே இருப்பவர் "கோடிக்கணக்கில் கொட்டி நாடகம் போட்டார்" என்கிறாராம். யார் சொல்வது சரி, ஹெச்-1பி வேலை விசாவில் இருக்கும் உங்களுக்கு இதில் ஏதாவது பாதிப்பு உண்டா என்பது கேள்வி. இரண்டையும் கலக்காமல் பார்த்தால்தான் தெளிவு கிடைக்கும்.

ஆளுநர் என்றதும் கிண்டி மாளிகை நினைவுக்கு வந்தால் அதை ஓரமாக வையுங்கள். இங்கே ஆளுநர் ஓட்டு வாங்கி வருபவர். நம்மூர் முதலமைச்சர் இடம். அபாட் 2015 ஜனவரியிலிருந்து அந்த நாற்காலியில் இருக்கிறார். மெக்சிகோவோடு டெக்சாஸுக்கு 1,254 மைல் எல்லை. ஆனால் யார் நாட்டுக்குள் வரலாம், யாரைத் திருப்பி அனுப்பலாம் என்பது மத்திய அரசின் கையில். பச்சைச் சீருடை பார்டர் பேட்ரோல் மத்திய அரசின் ஆட்கள். மாநிலத்துக்கு இருப்பது டி.பி.எஸ். என்ற மாநிலப் போலீஸும், ஆளுநர் அழைக்கும் நேஷனல் கார்டு துணைப்படையும். அரிசோனா தனியாகக் குடியேற்றச் சட்டம் போட்டபோது அதன் பெரும்பகுதியை 2012-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. அபாட் செய்த எல்லாமே இந்தத் தடையைச் சுற்றிப் போகும் வழிகள்தான். இது புரிந்தால் லஞ்ச் மேசைச் சண்டையில் பாதி தீர்ந்துவிடும்.

2021 மார்ச்சில் அவர் தொடங்கியது ஆபரேஷன் லோன் ஸ்டார். எல்லையாக ஓடும் ரியோ கிராண்டே ஆற்றைக் கடந்தவரை "கடந்தாய்" என்று மாநிலப் போலீஸ் பிடிக்க முடியாது. ஆகவே தனியார் பண்ணைக்குள் அத்துமீறி நுழைந்தார் என்று பிடித்தார்கள். நிலக்காரரிடம் முன்னதாகவே ஒப்புதல் வாங்கி வைப்பார்கள். எல்லைக் கவுண்டிகளில் (நம்மூர் மாவட்டம் போல) பேரிடர் நிலை அறிவித்தால் அத்துமீறலுக்கான தண்டனை ஒரு படி ஏறி ஒரு வருடச் சிறை வரை போகும், அதையும் அறிவித்தார்கள். தனியாக வந்த ஆண்களை டில்லி ஊரின் பிரிஸ்கோ சிறைக்குக் கொண்டுபோனார்கள். குடும்பமாக வந்தவர்களைப் பார்டர் பேட்ரோலிடம் ஒப்படைத்தார்கள்.

இடறியது எங்கே தெரியுமா? கின்னி கவுண்டியில் மொத்த ஜனமே மூவாயிரத்துச் சொச்சம், வழக்கறிஞர் அலுவலகம் கையளவு. டெக்சாஸ் சட்டப்படி சிறு குற்றத்துக்குப் பிடித்தவர் மேல் 15 அல்லது 30 நாளில் வழக்குப் பதியாவிட்டால் வெளியே விட்டாக வேண்டும். காகிதம் ஓடவில்லை. 2021 இலையுதிர் காலத்தில் நூற்றுக்கணக்கானவர்களைப் பணம் கட்டாத ஜாமீனில் விட வேண்டியதாயிற்று. போலீஸை ஒரு வாரத்தில் இறக்கிவிடலாம். கோர்ட்டு, வக்கீல், மொழிபெயர்ப்பாளரை அப்படி இறக்க முடியாது.

இனி எண்கள். அடிதடி வருவதே இங்குதான். பார்டர் பேட்ரோல் கணக்கு அக்டோபரில் தொடங்கும் நிதியாண்டில் ஓடும். தெற்கு எல்லையில் பிடிபட்டவை 2020-ல் சுமார் 4 லட்சம், 2021-ல் 16.6 லட்சம், 2022-ல் 22 லட்சம், 2023-ல் 20 லட்சத்துக்கு மேல், 2024-ல் 15.3 லட்சம். இது தலைக்கணக்கல்ல, பிடித்த தடவைகளின் கணக்கு. 2020 மார்ச் முதல் 2023 மே வரை, டைட்டில் 42 என்ற சுகாதார விதிப்படி உடனுக்குடன் திருப்பி அனுப்பியதால் ஒரே ஆள் மூன்று நான்கு தடவை வந்து மாட்டினார். அத்தனையும் கணக்கில் ஏறியது.

"அபாட் தடுத்தார்" என்பவரிடம் கேளுங்கள்: லோன் ஸ்டார் 2021-லேயே வந்துவிட்டதே, பிறகு ஏன் 2023 டிசம்பரில் ஒரே மாதத்தில் சுமார் இரண்டரை லட்சம் என்ற உச்சம்? "எண் குறைந்தது எல்லாம் மெக்சிகோ செய்தது" என்பவரிடம் கேளுங்கள்: 2024-ல் ஏன் ஈகிள் பாஸ் இருக்கும் டெல் ரியோ பகுதி காலியாகி, கலிபோர்னியாவின் சான் டியாகோ பகுதி முன்னுக்கு வந்தது? இரண்டு பேரும் கொஞ்சம் திணறுவார்கள். 2024 தொடக்கத்திலிருந்து மெக்சிகோ தன் ரயில்களிலும் சாலைகளிலும் ஆட்களைப் பிடித்துத் தெற்கே அனுப்பியது. ஜூனில் பைடன் அடைக்கலம் கேட்கும் வழியைச் சுருக்கினார். 2025 ஜனவரியில் டிரம்ப் வந்து கிட்டத்தட்ட மூடியேவிட்டார். மொத்தம் விழுந்ததற்கு இவைதான் காரணம். டெக்சாஸ் ஆற்றங்கரையில் போட்ட முள்கம்பியும் கைதும் கடத்தல்காரர்களை மேற்கே தள்ளியதில் பங்கு உண்டு. ஆனால் தள்ளுவது வேறு, நிறுத்துவது வேறு. அரிசோனாவின் டூசான் பகுதி, ஈகிள் பாஸ் ஊரின் ஆற்றங்கரைப் பூங்காவை மாநிலம் கைப்பற்றும் முன்பே, 2023 கோடையிலேயே முதலிடத்துக்கு வந்துவிட்டது என்பதையும் மறக்கக் கூடாது.

ஆளுநர் அலுவலகம் சொல்லும் "5 லட்சத்துக்கு மேல் பிடித்தோம்" என்ற எண்ணிலும் ஒரு சூட்சுமம். அவர்களில் பெரும்பாலோர் மாநிலப் போலீஸ் பார்த்துப் பார்டர் பேட்ரோலிடம் ஒப்படைத்தவர்கள். அதே ஆள் மத்தியக் கணக்கிலும் இருப்பார். இரண்டையும் கூட்டக் கூடாது. 2022-ல் பத்திரிகையாளர்கள் தோண்டியபோது, எல்லைக்குச் சம்பந்தமே இல்லாத வழக்குகளும் லோன் ஸ்டார் பட்டியலில் இருந்தது தெரிந்து, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குற்றச்சாட்டுகளை டி.பி.எஸ். தானே நீக்கியது. சேவல் சண்டை வழக்குகூட அதில் இருந்தது. ஃபென்டனில் என்ற கொடிய போதைப்பொருளின் கதையும் இப்படித்தான். இத்தனை கோடிப் பேரைக் கொல்லும் அளவு பிடித்தோம் என்பது 2 மில்லிகிராம் ஒரு உயிர் என்று வகுத்து வரும் எண். அந்தச் சரக்கில் பெரும்பகுதி பிடிபடுவது ஆற்றங்கரையில் அல்ல. வாகனங்கள் வரிசையில் வரும் அதிகாரபூர்வ சோதனைச் சாவடிகளில்.

அவர் கணக்கில் அப்பட்டமான தவறு என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் 2022 ஏப்ரலின் லாரிச் சோதனையைத்தான் சொல்வேன். மத்திய அதிகாரிகள் ஏற்கெனவே பார்த்து அனுப்பிய லாரியைப் பாலம் தாண்டியதும் டி.பி.எஸ். மறுபடி நிறுத்தியது. மாநிலப் போலீஸுக்குச் சரக்கைப் பிரித்துப் பார்க்கும் சுங்க அதிகாரம் கிடையாது. அதனால் பிரேக், டயர், விளக்கு என்று வண்டியைத்தான் பார்த்தார்கள். பத்து நாளுக்குள் நாலாயிரத்துக்கு மேல் வண்டி பார்த்து, எண்ணூற்றுச் சொச்சத்தைப் பழுது என்று ஓரங்கட்டினார்கள். போதைப்பொருள், ஒளிந்து வந்த ஆள்: பூஜ்யம். ஃபார் பாலத்தில் காய்கறி லாரிகள் நாள்கணக்கில் நின்று சரக்கு வாடியது. எதிர்ப்பக்க மெக்சிகோ ஆளுநர்களோடு ஒப்பந்தம் போட்டுவிட்டோம் என்று சொல்லி ஏப்ரல் 15-ல் அபாட் சோதனையை விலக்கினார்.

மாநிலம் கட்டிய எல்லைச் சுவர் சமாச்சாரத்தை நீட்ட வேண்டியதில்லை. 805 மைல் குறித்து வைத்து, 300 கோடி டாலருக்கு மேல் செலவழித்து, முடிந்தது சுமார் 65 மைல். நிலத்தைக் கட்டாயமாக எடுக்கச் சட்டம் இடம் தரவில்லை. கொடுக்க இசைந்தவர் நிலத்தில் மட்டும் கட்டியதால் துண்டு துண்டாக நிற்கிறது. 2025-ல் சட்டமன்றம் புதிதாகப் பணம் ஒதுக்கவில்லை.

எல்லை தாண்டி வந்தவர்களை அபாட் பிற ஊர்களுக்கு ஏற்றி அனுப்பிய பஸ் வேறு கதை. 2022 ஏப்ரலில் வாஷிங்டனுக்கு முதல் பஸ், பிறகு நியூயார்க், சிகாகோ, டென்வர் என்று ஏறத்தாழ 1,20,000 பேர். ஏறியவர்கள் ஒளிந்து வந்தவர்கள் அல்ல. பார்டர் பேட்ரோல் பதிவு செய்து, கோர்ட்டுத் தேதி கொடுத்து விடுவித்தவர்கள். கையெழுத்துப் போட்டுத்தான் ஏறினார்கள். மனிதாபிமானமா, மனிதரைக் காயாக நகர்த்தியதா என்று விவாதிக்கலாம். ஆனால் அதன் அரசியல் விளைவை மறுக்க முடியாது. எல்லை எங்கோ இருக்கிறது என்றிருந்த ஊர்களின் மேயர்களே ஓட்டல் அறைக்குப் பணம் இல்லை என்று பைடனிடம் முறையிட்டார்கள். லோன் ஸ்டாருக்குச் செலவான 1,100 கோடிச் சொச்சம் டாலரில் அதிகம் சாதித்தது இந்தச் சின்னத் துண்டுதான் என்பது என் கணிப்பு. எல்லையோர மக்கள் எல்லாரும் இதை எதிர்த்தார்கள் என்றும் நினைக்காதீர்கள். நூறு ஆண்டுக்கு மேல் ஜனநாயகக் கட்சிக்கே ஓட்டுப் போட்ட ஸ்டார் கவுண்டி 2024-ல் டிரம்புக்குப் போட்டது.

கோர்ட்டுகளில் அவர் முழுக்கத் தோற்கவும் இல்லை. ஆற்றில் போட்ட ஆயிரம் அடி மிதவையை நகர்த்தச் சொன்ன கீழ்க்கோர்ட்டு உத்தரவை 2024 ஜூலையில் ஐந்தாம் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. முள்கம்பியை மத்திய ஆட்கள் வெட்டலாம் என்று 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 5-4 என அனுமதித்தது. நவம்பரில் சர்க்யூட் டெக்சாஸ் பக்கம் சாய்ந்தது.

மேசையில் அதிகம் குழம்புவது எஸ்.பி. 4. அந்தப் பெயரில் இரண்டு சட்டம். 2017-ன் எஸ்.பி. 4 அமலில் இருக்கிறது: போலீஸ் உங்களை நிறுத்தி வைத்தால் குடியேற்ற நிலையைக் கேட்கலாம், கேட்கக் கூடாது என்று எந்த ஊரும் விதி போட முடியாது. 2023 டிசம்பரின் எஸ்.பி. 4 வேறு: சட்டவிரோதமாக எல்லை கடப்பதையே மாநிலக் குற்றமாக்கியது. 2024 பிப்ரவரியில் கோர்ட்டு நிறுத்தியது, மார்ச் 19-ல் சில மணி நேரம் அமலுக்கு வந்தது, அன்றிரவே மறுபடி நின்றது, அதன்பின் மேல்முறையீட்டில் இழுபட்டது. அது ஆற்றைத் தாண்டி வந்தவருக்கானது. விமானத்தில் வந்து ஐ-94 என்ற நுழைவுப் பதிவு வாங்கிய உங்களுக்கு உரியதல்ல.

உங்களைத் தொடுவது வேறு சில. 2026 ஜனவரியில் அபாட், மாநில ஏஜென்சிகளும் அரசுப் பல்கலைக்கழகங்களும் புதிய ஹெச்-1பி மனு போடுவதை 2027 மே 31 வரை நிறுத்தினார். தனியார் கம்பெனிக்கு இது இல்லை. ஆராய்ச்சி வேலை தேடும் மனைவிக்கோ நண்பருக்கோ உண்டு. 2024 நவம்பரிலிருந்து ஆஸ்பத்திரிப் படிவத்தில் குடியேற்ற நிலை பற்றி ஒரு கேள்வி வரும். அதற்குப் பதில் எப்படியிருந்தாலும் சிகிச்சை மறுக்க முடியாது. சிறை நடத்தும் கவுண்டி ஷெரிஃப்கள் ஐஸ் என்ற மத்தியக் குடியேற்றப் போலீஸோடு ஒப்பந்தம் போட வேண்டும் என்ற சட்டம் 2026-ல் அமலுக்கு வந்தது. குடித்துவிட்டு ஓட்டி ஒரு ராத்திரி கவுண்டி சிறையில் இருந்தாலே நம் காகிதம் முழுக்கப் புரட்டப்படும். வழக்கு முடியும் முன்பே தூதரகம் விசாவை ரத்து செய்யலாம்.

விவாதிக்கத் தடை இல்லை. ஆனால் கிரீன் கார்டு வரும்வரை எந்தக் கட்சிக்கும் வேட்பாளருக்கும் ஐந்து டாலர்கூடக் கொடுக்கக் கூடாது. மத்தியச் சட்டம் அதைத் தடுக்கிறது. லைசென்ஸ் எடுக்கும்போது வாக்காளராகப் பதிய விருப்பமா என்ற கட்டத்தில் "இல்லை" என்றே போடுங்கள். கைதவறி டிக் அடித்தேன் என்ற விளக்கம் பின்னால் எடுபடுவது கடினம். குடிமகன் என்று பொய் சொன்னதாகப் பதிவானால் கிரீன் கார்டு கனவு அதோடு முடிந்தது. 2025 டிசம்பர் 15 முதல் ஹெச்-1பி, அதன் குடும்ப விசாவான ஹெச்-4 ஆகியவற்றின் ஸ்டாம்பிங்குக்குத் தூதரகம் போகிறவர்கள் சமூக ஊடகக் கணக்கை எல்லாரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும். சூட்டில் எழுதும் முன் அதை நினையுங்கள்.

லீவில் சவுத் பாட்ரே தீவுக்குக் குடும்பத்தோடு கிளம்புவீர்கள். போகும்போது யாரும் கேட்க மாட்டார்கள். திரும்பும்போது 77-ம் நெடுஞ்சாலையில் வந்தால் சரீட்டா, 281-ல் வந்தால் ஃபால்ஃபூரியஸ், இரண்டிலும் பார்டர் பேட்ரோல் சாவடி உண்டு. கண்ணாடியை இறக்கியதும் "எல்லோரும் அமெரிக்கக் குடிமக்களா?" என்பார். பதற்றத்தில் "யெஸ் சார்" என்று வாயில் வந்துவிடும். வரக் கூடாது. "இல்லை, ஹெச்-1பி" என்று சொல்லி அசல் பாஸ்போர்ட்டையும் ஐ-94 அச்சுப்பிரதியையும் நீட்டுங்கள். 18 வயது தாண்டிய வெளிநாட்டவர் பதிவுச் சான்றை (உங்களுக்கு ஐ-94) எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். போனில் இருக்கும் படத்தை நம்பிக் கிளம்ப வேண்டாம். விசா ஸ்டாம்ப் காலாவதி ஆகியிருந்தால் கவலையில்லை, ஐ-94 தேதிதான் கணக்கு. நீட்டிப்பு வாங்கியிருந்தால் புது ஐ-94 அந்த ஐ-797 என்ற அனுமதித் தாளின் அடியிலேயே இருக்கும். பாஸ்போர்ட் சீக்கிரம் முடிவதாக இருந்தால் விமான நிலையத்தில் அந்தத் தேதிவரைக்கும்தான் ஐ-94 போட்டிருப்பார்கள். இன்றே எடுத்துப் பாருங்கள். பின்சீட்டில் ஊரிலிருந்து வந்த அம்மா அப்பா இருந்தால் அவர்கள் தாள்களையும் எடுத்து வையுங்கள். கேள்வி புரியாவிட்டால் தலையாட்டக் கூடாது, "விசிட்டர்" என்று மட்டும் சொன்னால் போதும் என்பதைக் கார் கிளம்பும் முன்பே சொல்லி வையுங்கள்.