கட்டிக்குள் நானோ துகள் ஊசி: அதற்காகக் காத்திருக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது, தொண்டையில் புற்றுநோய். சிறுநீரகம் சரியில்லாததால் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து கொடுக்க முடியாது, கதிர்வீச்சு மட்டும்தான் என்கிறார்கள். நானோ துகள்களைக் கட்டிக்குள் ஊசியாகப் போட்டால் கதிர்வீச்சு பல மடங்கு வேலை செய்யும் என்று படித்தேன். அது கிடைக்கும்வரை சிகிச்சையைத் தள்ளிப்போடலாமா?

பதில்: தள்ளிப்போடாதீர்கள். தொண்டைக் கட்டி அதுவரை சும்மா இருக்காது.

நீங்கள் படித்ததில் உண்மை இருக்கிறது. பிரான்ஸின் நானோபயோட்டிக்ஸ் நிறுவனம் உருவாக்கியவை ஹாஃப்னியம் ஆக்சைடு துகள்கள். ஹாஃப்னியம் கனமான உலோகம், அணு எண் 72. நம் திசுக்களோ பெரும்பாலும் ஹைட்ரஜன், கார்பன், ஆக்சிஜன் போன்ற இலேசான அணுக்கள். கனமான அணுவில் எக்ஸ் கதிர் பட்டால் எலெக்ட்ரான்கள் கூடுதலாகத் தெறித்து, பக்கத்துச் செல்களின் டிஎன்ஏவை உடைக்கும். வெளியிலிருந்து தரும் கதிர்வீச்சைக் கூட்டாமலே கட்டிக்குள் அடி பலமாக விழும். கதிர்வீச்சு தொடங்குமுன் ஒரே ஒரு ஊசி, அவ்வளவுதான்.

ஆனால் ‘பல மடங்கு’ என்பது மிகை. 2019ல் வெளியான ஆய்வில் மென்திசு சார்கோமா நோயாளிகள் 180 பேர் சேர்க்கப்பட்டார்கள். அறுவை செய்து எடுத்த கட்டியில் உயிருள்ள புற்றுசெல்கள் 5 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தவர்கள், ஊசி போட்டவர்களில் 16 சதவீதம், போடாதவர்களில் 8. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் அது கை, கால், உடற்சுவரில் வரும் வேறு வகைப் புற்றுநோய். உங்கள் அப்பாவைப் போல சிஸ்பிளாட்டின் தர முடியாத முதியவர்களுக்கான மூன்றாம் கட்ட ஆய்வு 2022ல்தான் தொடங்கியது.

இன்றைக்கே கேட்க வேண்டியது வேறொன்று: டோசிடாக்சல். பழைய கீமோ மருந்து, நம் ஊரில் தாராளமாகக் கிடைக்கிறது. மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை சிஸ்பிளாட்டின் தர முடியாத 356 பேருக்குச் செய்த ஆய்வில், கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் இரண்டு ஆண்டுகளில் உயிரோடு இருந்தவர்கள் 41.7 சதவீதம். வாரம் ஒருமுறை சிறிய அளவில் டோசிடாக்சலும் சேர்த்துப் பெற்றவர்களில் 50.8. இதை உடலிலிருந்து வெளியேற்றுவது முக்கியமாகக் கல்லீரல். அதனால் சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும் யோசிக்கலாம், கல்லீரல் பரிசோதனை சரியாக இருந்தால். வாய்ப்புண் கடுமையாகவே வரும், சிலருக்கு மூக்கு வழிக் குழாயில் உணவு கொடுக்க நேரிடும். அப்பாவின் உடல் தாங்குமா என்று மருத்துவரிடம் மனம்விட்டுப் பேசுங்கள்.

நானோ ஊசிக்கு யாராவது பணம் கேட்டால், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அந்த ஆய்வு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம், இந்த வாரமே பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். கெட்டுப்போன பல்லைப் பிடுங்க வேண்டியிருந்தால் கதிர்வீச்சுக்கு முன்பே பிடுங்கி, புண் ஆற இரண்டு வாரமாவது விட வேண்டும்.