மிளகு விலை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கிலோ 500 ரூபாய்க்குக் குறைவாக மிளகு இறக்குமதி செய்யக் கூடாது என்று அரசு சொல்லியும் வியட்நாம் மிளகு எப்படி வருகிறது? (ஏற்காடு வாசகர்)

2017 டிசம்பரில் வந்த அந்தக் குறைந்தபட்ச இறக்குமதி விலை நல்ல நடவடிக்கைதான். ஆனால், பதப்படுத்தித் திரும்ப ஏற்றுமதி செய்வதாக உரிமம் பெற்று இறக்குபவர்களுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. மிளகுச் சாறு எடுக்கும் ஆலைகள் பல இந்த வழியில்தான் வாங்குகின்றன. இதில் சட்ட மீறல் இல்லை. ஆனால், காரமும் எண்ணெயும் நிறைந்த உங்கள் இளங்காய் மிளகை வாங்க வேண்டிய கை அதனால் வேறு பக்கம் போய்விடுகிறது. இலங்கையுடனான வர்த்தக ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு 2,500 டன் மிளகுக்குச் சுங்க வரி கிடையாது. வியட்நாம் சரக்கு இலங்கைச் சரக்கு என்ற பெயரில் வருகிறது என்பது விவசாயிகளின் நெடுநாள் புகார். இன்னொன்று, உலக விலையே 500 ரூபாயைத் தாண்டிவிட்டால் இந்த வேலி இருந்தும் பயனில்லை. அரசிடம் கேட்க வேண்டியதைக் கேட்டுக்கொண்டே, களத்தில் இழக்கும் பணத்தை முதலில் தடுக்கப் பாருங்கள்.

ஈரம், பதர் என்று மண்டியில் எடை கழிக்கிறார்கள். அது நியாயமான கழிவுதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (கொல்லிமலை வாசகர்)

கணக்கு எளிது. 15 சதவீத ஈரம் உள்ள 100 கிலோ மிளகில் உலர்ந்த பொருள் 85 கிலோ. அதையே 11 சதவீத ஈரத்துக்குக் காயவைத்தால் 85-ஐ 0.89-ஆல் வகுத்து, 95.5 கிலோ வரும். ஆக நியாயமான கழிவு நாலரைக் கிலோ. அதற்கு மேல் கழித்தால் காரணம் கேளுங்கள். மறுபக்கம், 9 சதவீதம் வரை காயவிட்டால் 93.4 கிலோதான் தேறும். அந்த 2 கிலோவுக்கு யாரும் விலை தர மாட்டார்கள். 12 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சணம் பிடிக்கும். அந்தப் பூஞ்சணம் உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் பி1 என்ற நஞ்சுக்கு ஐரோப்பாவில் வரம்பு கிலோவுக்கு 5 மைக்ரோகிராம்தான். எனவே 11 சதவீதத்தில் நிறுத்துவது நல்லது. ஈரமானி இல்லாதவர்கள் ஒரு தட்டு மிளகைத் தனியே வைத்துத் தினமும் மாலையில் எடை போடுங்கள். எடை இறங்குவது ஏறக்குறைய நின்றுவிட்டால் காய்ந்துவிட்டது என்று பொருள்.

பதரைக் காட்டிக்கொடுப்பது லிட்டர் எடை. 1 லிட்டர் பாத்திரத்தில் மிளகைத் தட்டாமல், குலுக்காமல் கொட்டி, மேலே பட்டையால் வழித்துவிட்டு எடை போடுங்கள். 550 கிராம் வந்தால் முதல் தரம். 500-க்குக் கீழே போனால் பெரும்பாலும் முற்றாத காயைப் பறித்திருப்பீர்கள். சரத்தில் ஓரிரு மணி செம்மஞ்சளாகத் திரும்பியதும் பறிக்க வேண்டும். தூற்றி எடுத்த பதரை எறியாதீர்கள், நல்ல மிளகோடும் கலக்காதீர்கள். தனி மூட்டையாக விற்றால் அதற்கும் ஒரு விலை உண்டு. கலந்தால் முழு மூட்டைக்கும் பதர் விலைதான்.

உதிர்த்த மிளகைக் கூடையோடு கொதிநீரில் 1 நிமிடம் முக்கி எடுத்தால் சீராகக் கறுக்கும், இரண்டு நாள் முன்னதாகவே காயும், கிருமியும் குறையும். நேரம் கூடினால் கறுக்கச் செய்யும் நொதி செத்துப்போய் மிளகு பழுப்பாகவே நின்றுவிடும். சாணம் மெழுகிய களத்தில் காயப்போட்டால் சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமி வரலாம். அடுப்புப் புகையில் உலர்த்தினால் ஆந்த்ராகுவினோன் என்ற ரசாயனம் ஏறும். இரண்டுமே ஏற்றுமதிச் சோதனையில் சரக்கைத் திருப்பி அனுப்பும் காரணங்கள். தார்ப்பாய் அல்லது சிமெண்ட் களம் போதும்.

வெண்மிளகுக்கு விலை அதிகம் என்கிறார்கள். மாறலாமா? (தாண்டிக்குடி வாசகர்)

100 கிலோ பச்சை மிளகில் கருமிளகு சுமார் 33 கிலோ தேறும், வெண்மிளகு 25 கிலோதான். கருமிளகு விலையைப்போல 1.32 மடங்கு கிடைத்தால் வரவு சமம். அதற்கு மேல் கிடைப்பதில்தான் ஒரு வாரம் ஊறவைக்கும் வேலை, தோல் தேய்க்கும் கூலி, தண்ணீர்ச் செலவு எல்லாம் அடங்க வேண்டும். நன்கு பழுத்த மிளகும் ஓடும் நீரும் இல்லாவிட்டால் நாற்றம் நிற்கும். ஒன்றரை மடங்கு தருகிறேன் என்று வாங்குபவர் முன்கூட்டியே சொன்னால் ஒழிய இறங்காதீர்கள்.

வியட்நாம்போல் கான்கிரீட் தூணில் நெருக்கி நட்டால் அவர்களோடு போட்டியிட முடியுமா? (கூடலூர் வாசகர்)

அங்கே ஹெக்டேருக்கு 2 டன்னுக்கு மேல் எடுக்கிறார்கள், உண்மைதான். அதற்கேற்ற உரமும் பாசனமும் கொட்டுகிறார்கள். விலை சரிந்து வாடல் நோயும் பரவியபோது அங்கேயே பலர் டுரியனுக்கும் காபிக்கும் மாறிவிட்டார்கள். உங்களுக்குச் சில்வர் ஓக்கும் காபியும் நடுவே மிளகும் இருந்தால், ஒன்றின் விலை சரியும்போது மற்றது தாங்கும். அதை வெட்டித் தூண் நடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இருக்கும் கொடியைக் காப்பதே மலிவான லாபம். தென்மேற்குப் பருவமழைக்கு முன் ஒருமுறை, ஆகஸ்ட்–செப்டம்பரில் ஒருமுறை, வாடல் நோயைத் தடுக்கும் 1 சதவீத போர்டோ கலவை தெளியுங்கள். 1 கிலோ மயில்துத்தத்தை 50 லிட்டர் நீரிலும், 1 கிலோ சுண்ணாம்பை வேறு 50 லிட்டர் நீரிலும் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்க வேண்டும். மாற்றி ஊற்றக் கூடாது. பிளாஸ்டிக் பாத்திரமே நல்லது. இரும்புக் கத்தியைக் கலவையில் முக்கிப் பாருங்கள், செம்புப் படிவு ஒட்டினால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேருங்கள். வேரடியில் தண்ணீர் தேங்காமல் வடிகால் வெட்டுங்கள். நோயைத் தடுக்க டிரைக்கோடெர்மா என்ற நல்ல பூஞ்சையை இடுபவர்கள் செம்பு மருந்துக்கும் அதற்கும் 3 வாரமாவது இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் அதுவும் செத்துவிடும்.