படத்துக்குப் பின்னால் ரெண்டு வரி

போனில் படம் குவிந்து கிடக்கிறது, பிள்ளைகளுக்காக அதை ஆல்பம் போடுவதா, டைரி எழுதுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு படம், அதற்கு ரெண்டு வரி, அது போதும். டைரியெல்லாம் பொங்கலைத் தாண்டாது.

ரெண்டு வரி ஏன் என்றால், ஆச்சியும் தாத்தாவும் கல்யாணமான புதிதில் திருநெல்வேலியில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்துக்கொண்ட கறுப்பு வெள்ளைப் படம் எங்கள் வீட்டில் இருக்கிறது. தாத்தா இடது கையை முழங்கால் மேல் வைத்து, வாட்ச் தெரிகிற மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருப்பார். அந்த வாட்ச் எங்கே போச்சு என்று கேட்டதற்கு ஆச்சி, "அது உங்க தாத்தா வாட்ச் இல்லடே, ஸ்டூடியோக்காரன் கட்டிவிட்டது, படம் எடுத்ததும் கழட்டிக்கிட்டான்" என்றாள். கோட்டு, வாட்ச், பிளாஸ்டிக் பூ என்று அந்தக் காலத்து ஸ்டூடியோக்களில் தயாராக வைத்திருப்பார்களாம். இந்த மாதிரிப் பழைய ஸ்டூடியோ படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் தமிழ்நாட்டில் தேடிப் பிடித்து டிஜிட்டலாக்கியிருக்கிறார்கள், நல்ல வேலை. ஆனால் வாட்ச் கதையை ஆச்சியிடம்தான் கேட்க முடியும்.

அதனால் போன் படம் காத்திருக்கட்டும், முதலில் பீரோவில் இருக்கும் ஆல்பத்தை எடுங்கள். பெரியவர்களிடம் கொடுத்துப் புரட்டச் சொல்லிவிட்டு, பக்கத்தில் போனில் ரெக்கார்டரைப் போட்டுவிடுங்கள். "இது யாரு" என்று மட்டும் கேட்டால் பேரைச் சொல்லி முடித்துவிடுவார்கள். இந்தச் சேலை எப்போ எடுத்தது, படம் எடுத்தது யாரு, இதில் ஏன் சித்தப்பா இல்லை என்று கேளுங்கள் (கடைசிக் கேள்விக்குச் சில வீடுகளில் சண்டையே வரும், பார்த்துக்கொள்ளுங்கள்).

கேட்டதைப் படத்தின் பின்பக்கம் பென்சிலால் அழுத்தாமல் எழுதலாம். பால்பாயிண்ட் பேனா வேண்டாம், மை ஊறும், அழுத்தினால் தடம் முன்பக்கம் தெரியும். பிற்காலத்துக் கலர் பிரிண்டில் பின்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால் பென்சில் சரியாகப் பிடிக்காது, துண்டுத் தாளில் எழுதிக் கூடவே வையுங்கள். பசைத்தாளில் படத்தை வைத்து மேலே பிளாஸ்டிக்கை மூடுகிற ஆல்பம் இருக்கிறதே, அது படத்துக்கு எமன். பசை மஞ்சளாகிப் படத்தையும் கெடுக்கும். சுலபமாக வராத படத்தைப் பிய்க்காமல், வெளிச்சம் அடிக்காத இடத்தில் வைத்து அப்படியே போனில் எடுத்துக்கொள்ளுங்கள். பிரேம் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்துக்கும் இதேதான்.

அப்புறம், பழைய ஆல்பத்தில் சாதாரண நாளே இருக்காது. ஒரு ரோலில் 36 படம், கழுவவும் பிரிண்ட் போடவும் காசு, அதனால் கல்யாணம், காதுகுத்து, மொட்டை என்று பார்த்துப் பார்த்துத்தான் எடுத்தார்கள். இப்போது அந்தச் செலவில்லை, ஆனாலும் நாம் கேக் வெட்டுவதைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறோம். அடுப்படி மேடை, செருப்பு இறைந்து கிடக்கிற வாசல், அப்பா பேப்பர் படிக்கிற நாற்காலி, இதையெல்லாம் எடுங்கள். முக்கியமாக மாதக் காலண்டர். பால் வராத நாளுக்கு ஒரு சுழி, சிலிண்டர் மாற்றிய தேதி, கறிவேப்பிலைக் கன்று வைத்த நாள் என்று எங்கள் அம்மா அதில் கிறுக்காத கட்டமே கிடையாது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று தொங்கினால், பழைய பேப்பரோடு போவதற்குள் 12 தாளையும் எடுத்துவிடுங்கள்.

வாட்ஸ்அப் குரூப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், எடுத்த தேதியும் இடமும் அதிலிருந்து போய்விடும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். கூகுள் போட்டோஸிலும் 2021 ஜூனிலிருந்து இலவச இடம் 15 ஜிபிக்குள்தான், அதிலும் மெயிலுக்குப் பங்கு உண்டு. எனவே குட்மார்னிங் படங்களை ஈவிரக்கமில்லாமல் அழித்துவிட்டு, மிச்சத்தை ஹார்டு டிஸ்கில் ஏற்றி ஒரு காப்பியை வேறு ஊரில் இருக்கிற சொந்தக்காரர் வீட்டில் கொடுத்து வையுங்கள். 2023 டிசம்பரில் தாமிரபரணி வீடுகளுக்குள் வந்தபோது பீரோவின் கீழ்த்தட்டில் இருந்ததெல்லாம் ஊறிப்போச்சு, பெரும்பாலும் ஆல்பம் இருப்பதும் அந்தத் தட்டில்தான்.