இருவர் சேர்ந்து எழுதும் புரோகிராம் கோடுக்கு கிட்டில் (Git) இருவர் பெயரும் வர என்ன வழி?

கோடில் செய்யும் மாற்றங்களின் வரலாற்றை வைத்திருக்கும் மென்பொருள் கிட். ஒரு கமிட்டுக்கு, அதாவது பதிவு செய்யும் ஒரு மாற்றத்துக்கு, ஒரு ஆதர்தான் (எழுதியவர்) என்பது அதன் கணக்கு. அதனால் பக்கத்தில் உட்கார்ந்து பாதி யோசனை சொன்னவர் வரலாற்றிலேயே இருக்க மாட்டார். நீங்கள் கேட்டபடி இரண்டு பெயரும் வர வேண்டுமென்றால், கமிட்டோடு எழுதும் குறிப்பான கமிட் மெசேஜின் கடைசியில் ஒரு வெற்று வரி விட்டு 'கோ-ஆதர்ட்-பை:' (Co-authored-by:) என்று தொடங்கி, பெயரும் கோண அடைப்புக்குள் மின்னஞ்சலும் எழுத வேண்டும். 2018 முதல், கிட் கோடை இணையத்தில் வைக்கும் தளமான கிட்ஹப் இதைப் படித்து இருவர் படத்தையும் காட்டுகிறது. அந்த மின்னஞ்சல் அவருடைய கிட்ஹப் கணக்கில் உள்ளதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் வரி இருக்கும், கணக்கோடு சேராது.

இதைத் தினமும் கையால் அடிக்க யாருக்குப் பொறுமை? அதற்குத்தான் கிட் மாப் (git mob) என்ற கருவி. ஹோம் ஃபோல்டரில் ஒரு ஜேசன் கோப்பில் டீம் ஆட்களைச் சுருக்கெழுத்தோடு ஒருமுறை எழுதி வைத்துவிட்டால் போதும். உட்காரும்போது டெர்மினலில் 'கிட் மாப்' என்று அடித்து அவருடைய இரண்டு எழுத்தைச் சேர்த்தால், அதற்கப்புறம் வரும் கமிட்களில் அவர் பெயர் தானாக வரும். ஒரு விஷயம்: எடிட்டர் திறக்காமல் 'எம்' (-m) ஆப்ஷனில் மெசேஜ் கொடுப்பவர் என்றால், அந்தப் பெயரைக் கொண்டுவரும் மெசேஜ் டெம்ப்ளேட் வேலை செய்யாது. பிரிப்பேர்-கமிட்-மெசேஜ் ஹூக்கை (கமிட் செய்யும்போது கிட் தானாக ஓட்டும் சின்ன ஸ்கிரிப்ட்) போட்டுக்கொள்ளுங்கள்.

எனக்குப் பெரிய தலைவலியாகத் தெரிவது வேறு. ஜோடி எழுந்து போனபின், இனி தனியாகத்தான் என்று சொல்லும் 'கிட் சோலோ' கட்டளையை அடிக்க யாருக்கும் ஞாபகம் வராது. மறுநாள் தனியாக எழுதியதிலும் அவர் பெயர் போய் ஒட்டிக்கொள்ளும். தான் பார்க்கவே பார்க்காத கோடில் பிழை வந்தால் அவரைத்தான் கேட்பார்கள், பாவம். 'கிட் மாப்-பிரிண்ட்' தரும் சுருக்கெழுத்தை ஷெல் பிராம்ப்டில் (டெர்மினலில் கட்டளை அடிக்கும் வரியின் தொடக்கம்) வைத்துவிட்டால், யார் பெயர் ஓடுகிறது என்று கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும்.

கிட் டூயட் (git duet) என்ற இன்னொரு கருவி இதைக் கொஞ்சம் கண்டிப்பாகச் செய்கிறது: அதன் ஹூக்கைப் போட்டால், ஜோடியைச் சொல்லி 20 நிமிடம் ஆனபின் கமிட்டை மறித்து மறுபடி கேட்கும். அடிக்கடி ஆள் மாறும் டீமுக்கு நல்லது, மற்றவர்களுக்குத் தொல்லை. அது வழக்கமாக ஒருவரை ஆதராகவும் மற்றவரைக் கமிட்டராகவும் (கமிட்டைப் பதிவு செய்தவர்) போடும். கோ-ஆதர் வரி வேண்டுமென்றால் அதற்கு ஒரு என்விரான்மென்ட் வேரியபிள் (டெர்மினலில் வைக்கும் அமைப்பு) இருக்கிறது.

எப்போதாவது ஒருநாள் சேர்ந்து எழுதுபவர் என்றால் இரண்டுமே வேண்டாம். கிட் 2.32 முதல் கமிட் கட்டளையிலேயே 'ட்ரெய்லர்' (--trailer) ஆப்ஷன் உண்டு, அதில் அந்த ஒரு கோ-ஆதர் வரியைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.